வியன்னாவில் இரண்டு வகைக் காபிக்கடைகள்: ‘ஸ்பெஷாலிட்டி காபி’ என்பது என்ன?

வியன்னாவுக்குச் சுற்றுலா சென்று திரும்புகிறவர்கள் அந்நகரின் காபியைப் பற்றிச் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ‘உலகப் புகழ் பெற்ற காபிக்கடை என்று வரிசையில் நின்று உள்ளே போனோம், இடம் அரண்மனை போல இருந்தது, ஆனால் காபி சாதாரணமாகத்தான் இருந்தது’ என்பது முதலாவது. ‘ஸ்பெஷாலிட்டி காபி என்று எழுதியிருந்த ஒரு சின்னக் கடையில் வாங்கினோம்; விலையும் அதிகம், எலுமிச்சை பிழிந்த தேநீரைப் போலப் புளித்தது’ என்பது இரண்டாவது. இவர்கள் நாக்கில் எந்தக் கோளாறும் இல்லை. ஒரு கடை தருவதை இன்னொரு கடையில் எதிர்பார்த்துப் போனதுதான் கோளாறு.

‘ஸ்பெஷாலிட்டி காபி’ என்ற சொல் இப்போது எங்கும் அடிபடுகிறது. பால் நுரையில் இலையும் அன்னமும் வரைந்து தரும் கடையையும், செங்கல் சுவரும் தொங்கும் விளக்குமாக இருக்கும் கடையையும், வெறுமனே விலை கூடுதலான கடையையும்கூட மக்கள் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். உண்மையில் அந்தச் சொல் கடையைக் குறித்துப் பிறந்ததே இல்லை. கொட்டையைக் குறித்துப் பிறந்தது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கிவிடும். அதை விளக்குவதற்கு வியன்னாவை விட நல்ல ஊர் எனக்குத் தெரியவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான பழைய காபி மரபும் இருபது ஆண்டுகளுக்குள் வேர்விட்ட புதிய மரபும் அங்கே ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கின்றன.

இருக்கையை விற்கும் கடை

முதலில் பழைய மரபைப் பார்ப்போம். 1683-இல் ஓட்டோமான் படைகள் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றுப் பின்வாங்கியபோது விட்டுச் சென்ற மூட்டைகளில் காபிக்கொட்டை இருந்ததாகவும், கோல்ஷிட்ஸ்கி என்ற ஒற்றர் அதைப் பரிசாகப் பெற்று நகரின் முதல் காபிக்கடையைத் திறந்ததாகவும் ஒரு கதை உண்டு. கேட்க இனிய கதைதான். ஆனால் ஆவணங்கள் வேறு பெயரைச் சொல்கின்றன. 1685-இல் யோஹானஸ் டியோடாட்டோ என்ற ஆர்மேனிய வணிகருக்குத்தான் காபி காய்ச்சி விற்கும் உரிமை முதலில் வழங்கப்பட்டது. அங்கிருந்து வளர்ந்த மரபு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உச்சத்தைத் தொட்டது. லான்ட்மன் 1873-இலும், சென்ட்ரல் 1876-இலும், ஷ்பெர்ல் 1880-இலும் திறக்கப்பட்டவை. இம்மூன்றும் இன்றும் நடக்கின்றன.

இந்தக் காபி இல்லங்களின் உள்ளே போனால் பளிங்கு மேசையும், வளைத்த மரத்தால் செய்த தோனெட் நாற்காலியும், மரச்சட்டத்தில் மாட்டிய நாளிதழ்களும் இருக்கும். ஒரு கோப்பை காபியை வாங்கிக்கொண்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். பேட்டர் ஆல்ட்டன்பெர்க் என்ற எழுத்தாளர் தமக்கு வரும் கடிதங்களையே சென்ட்ரல் காபி இல்லத்தின் முகவரிக்கு வரவழைத்துக்கொண்டார். குளிர்காலத்தில் வீட்டில் அடுப்பெரிக்க வசதியில்லாத மாணவர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் அது வெப்பமான வரவேற்பறையாக இருந்தது.

2011-இல் வியன்னாவின் காபி இல்லப் பண்பாடு, யுனெஸ்கோவின் ஆஸ்திரிய நாட்டு ஆணையம் பேணும் மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. (உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டதாகப் பலரும் எழுதுகிறார்கள், அது சரியன்று.) அந்தப் பதிவில் உள்ள விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: அங்கே நுகரப்படுவது காலமும் இடமும், கணக்குச் சீட்டில் ஏறுவது காபி மட்டும். பதிவில் காக்கப்படுவது எது என்பதைக் கவனிக்க வேண்டும். கொட்டை எந்த நாட்டிலிருந்து வந்தது, எப்படி வறுக்கப்பட்டது என்பதைப் பற்றிய மரபு அன்று அது. உட்காரும் மரபு, உபசரிக்கும் மரபு.

காபி வந்து சேரும் விதமே இதைக் காட்டிவிடும். வெள்ளி நிறத் தட்டில் கோப்பை வரும். பக்கத்தில் ஒரு சிறிய கண்ணாடிக் குவளையில் தண்ணீர் இருக்கும். அந்தக் குவளையின் வாய்மீது குறுக்காகக் கரண்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். பால் நுரையோடு வருவது மெலாஞ்ச். சிறு கிண்ணத்தில் பாலோ பாலேடோ உடன் வரும் கருங்காபி பிரவுனர். உயரமான கண்ணாடிக் குவளையில் கடைந்த பாலேட்டை மேலே குவித்து வருவது ஐன்ஷ்பென்னர். ஒற்றைக் குதிரை வண்டி என்பது அந்தப் பெயரின் பொருள். இந்தப் பெயர்கள் அனைத்தும் பாலின் அளவையும் பாத்திரத்தையும் சொல்கின்றனவே தவிர, கொட்டையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

சுருக்கமாக: வியன்னாவின் பழைய காபி இல்லத்தில் நாம் கொடுக்கும் காசு, முதலில் இருக்கைக்கும் நேரத்துக்கும்; பிறகுதான் காபிக்கு. அங்கே போய்க் காபியின் சுவையை மட்டும் எடைபோடுவது, கல்யாணத்துக்குப் போய்விட்டுச் சாம்பாரை மட்டும் பற்றிப் பேசுவது போன்றது.

சொல் எங்கே பிறந்தது?

‘ஸ்பெஷாலிட்டி காபி’ என்ற தொடரை 1974-இல் எர்னா குனுட்சன் என்ற பெண்மணி பயன்படுத்தினார். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் காபிக்கொட்டை வணிகம் செய்தவர் அவர். தேநீர், காபி வணிகர்களுக்கான ஓர் இதழில், குறிப்பிட்ட சில இடங்களின் மண்ணும் தட்பவெப்பமும் சேர்ந்து தனித்த சுவையைத் தரும் கொட்டைகளைப் பொது வணிகக் காபியிலிருந்து பிரித்துக் காட்ட அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

நமக்குப் பழகிய ஓர் ஒப்புமை சொல்கிறேன். ‘அரிசி’ என்று மட்டும் சொல்லி ஒரு மூட்டை வாங்கலாம். பல ஊர்களின் பல நெல் அதில் கலந்திருக்கும், பசிக்குச் சோறாகும். ‘சீரகச் சம்பா’ என்று கேட்டும் வாங்கலாம். அப்போது நெல்லின் இனம் தெரியும், மணம் எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் எதிர்பார்ப்பு இருக்கும், இன்ன ஊரில் விளைந்தது என்றும் கடைக்காரர் சொல்வார். பொது வணிகக் காபி முதல் வகை. நியூயார்க் சந்தையில் அன்றன்று நிர்ணயமாகும் விலையை ஒட்டி அது விற்கப்படுகிறது; யாருடைய தோட்டம் என்ற கேள்வியே எழாது. ஸ்பெஷாலிட்டி காபி இரண்டாவது வகை.

ஆனால் வெறும் அடையாளம் போதாது, தரமும் வேண்டும். அதற்காகத்தான் மதிப்பெண் முறை வந்தது. ‘கப்பிங்’ என்பது பயிற்சி பெற்ற சுவைஞர்கள் காபியை ஒரே முறையில் காய்ச்சி, கரண்டியால் உறிஞ்சிச் சோதிப்பது. மணம், சுவை, பின்சுவை, புளிப்பு, கனம், இனிப்பு, சமநிலை முதலிய பத்துக் கூறுகளுக்கு மதிப்பெண் இட்டு நூற்றுக்கு எவ்வளவு என்று கூட்டுவார்கள். 80-ஓ அதற்கு மேலோ வந்தால் அது ஸ்பெஷாலிட்டி தரம். பச்சைக் கொட்டையிலும் தனியாகச் சோதனை உண்டு: 350 கிராம் மாதிரியை மேசையில் பரப்பி, கறுத்தது, புளித்தது, பூச்சி அரித்தது என்று பொறுக்கி எண்ணுவார்கள். அமெரிக்கச் சங்கமும் ஐரோப்பியச் சங்கமும் 2017-இல் ஒன்றிணைந்து உருவான ஸ்பெஷாலிட்டி காபி சங்கம், அண்மை ஆண்டுகளில் இந்த மதிப்பீட்டு முறையை விரித்து மாற்றி எழுதிவருகிறது. ஆயினும் 80 என்ற எல்லை வணிகத்தின் பேச்சில் நிலைத்துவிட்டது.

ஆகவே, எங்கே விளைந்தது என்று தடம் பிடித்துச் சொல்லக்கூடியதும், குறைகள் நீக்கப்பட்டதும், சுவைச் சோதனையில் தேறியதுமான கொட்டையே ஸ்பெஷாலிட்டி. ஸ்பெஷாலிட்டி கடை என்பது அந்தக் கொட்டையைக் கெடுக்காமல் நம் கோப்பை வரை கொண்டுவந்து சேர்க்கும் கடை.

பழம் என்பதை மறக்கக்கூடாது

காபி ஒரு பழத்தின் விதை. செர்ரிப் பழத்தின் அளவில், பழுத்தால் சிவக்கும் ஒரு பழம். உள்ளே முகத்தோடு முகம் ஒட்டிய இரண்டு விதைகள். அபூர்வமாக ஒரே விதை மட்டும் உருண்டையாக வளர்ந்தால் அதுதான் நம் காபித்தூள் கடைகளில் கேட்டு வாங்கும் ‘பீபெரி’. பழத்தின் விதை என்ற நினைவு இருந்தால், நல்ல காபியில் பழச் சுவை தெரிவது வியப்பாகத் தோன்றாது.

அராபிகா என்ற இனம் உயரமான, குளிர்ந்த மலைச்சரிவுகளில் நன்றாக வருகிறது. இரவின் குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கிறது. மெதுவாகப் பழுக்கும் விதை இறுகி வளர்கிறது, சுவைப் பொருள்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறது. வியன்னாவின் சிறிய கடைகளில் பொட்டலத்தின்மீது ‘1,900 மீட்டர்’ என்பது போல அச்சிட்டிருப்பதன் காரணம் இதுவே.

பறித்த பழத்திலிருந்து விதையை எடுக்கும் முறைக்குப் ‘பதப்படுத்தல்’ என்று பெயர். சதையை நீக்கி, ஒட்டியிருக்கும் பிசினை நொதிக்கவைத்துக் கழுவிக் காயவைத்தால் கழுவிய காபி. அதன் சுவை தெளிவாகவும் துலக்கமாகவும் இருக்கும். பழத்தை முழுதாகவே வெயிலில் உலர்த்திப் பிறகு உடைத்தெடுத்தால் உலர்முறைக் காபி. அதில் காய்ந்த பழத்தின் இனிப்பும், சில நேரம் லேசான மது வாடையும் இருக்கும். இந்த வேறுபாடு தமிழ் வாசகர்களுக்குப் புதியதன்று. இந்திய வணிக வழக்கில் கழுவிய அராபிகாவுக்குப் ‘பிளாண்டேஷன்’ என்றும், உலர்முறைக் கொட்டைக்குச் ‘செரி’ என்றும் பெயர். ‘பிளாண்டேஷன் ஏ’ அரைக் கிலோ அரைத்துத் தரச் சொல்லும்போது நாம் பதப்படுத்தும் முறையைத்தான் சொல்லிக் கேட்கிறோம்.

வறுவல் எதை மறைக்கிறது?

பச்சைக் கொட்டைக்குக் காபி மணமே கிடையாது. வைக்கோலையும் பச்சைப் பட்டாணியையும் நினைவூட்டும் ஒரு வாசனைதான் இருக்கும். வறுக்கும்போது ஏறத்தாழ 196 டிகிரி செல்சியசில் கொட்டைக்குள் இருக்கும் நீராவி அழுத்தத்தால் சோளம் பொரிவது போல ஒரு வெடிப்பு ஓசை கேட்கும். அதற்கு ‘முதல் வெடிப்பு’ என்று பெயர். மேலும் சூடேற்றி ஏறத்தாழ 224 டிகிரியைத் தொட்டால், உப்பு வெடிப்பது போன்ற சன்னமான இரண்டாவது வெடிப்பு வரும். முதல் வெடிப்பு முடிந்து சிறிது நேரத்தில் இறக்கினால் இளவறுவல். இரண்டாவது வெடிப்பு தொடங்கும் இடத்தில் இறக்குவதற்கு உலகெங்கும் வழங்கும் பெயர் ‘வியன்னா வறுவல்’. நகரின் பெயரே ஒரு வறுவலுக்கு அமைந்திருப்பதிலிருந்து, பழைய காபி இல்லங்களின் கோப்பை எந்தச் சுவையில் ஊறியது என்று தெரிந்துகொள்ளலாம்: கசப்புச் சாக்லேட்டும் வறுத்த கடலையும் கலந்தாற்போல ஒரு சுவை.

கருக வறுத்தால் என்ன ஆகும்? அப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல உளுந்தில் செய்ததா, மட்டமான உளுந்தில் செய்ததா என்பது பொன்னிறமாகச் சுட்ட அப்பளத்தில்தான் தெரியும். கருகிவிட்டால் இரண்டும் ஒரே கரிச்சுவை. காபியிலும் இதே கதைதான். எத்தியோப்பியக் கொட்டைக்கும் கொலம்பியக் கொட்டைக்கும் உள்ள வேறுபாடு முற்றிய வறுவலில் மங்கி, வறுவலின் சுவையே மேலோங்கும். விளைந்த இடத்தின் சுவைக்காகவே கூடுதல் விலை கொடுத்துக் கொட்டை வாங்குகிறவர், அந்தச் சுவை அழியாதபடி இளவறுவலில் நிறுத்துவது இயல்புதானே? இளவறுவல் என்பது நாகரிகத்துக்காகச் செய்யப்படுவது என்று எண்ணுகிறவர்கள் இந்தக் காரணத்தைக் கவனிப்பதில்லை.

இங்கே சிக்கரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிட்டனை முடக்க நெப்போலியன் விதித்த வணிகத் தடையால் ஐரோப்பாவில் காபிக்கொட்டை கிடைப்பது அரிதானபோது, சிக்கரி வேரை வறுத்துப் பொடித்துக் காபிக்குப் பதிலாகவும் காபியோடு கலந்தும் குடிக்கும் பழக்கம் மத்திய ஐரோப்பாவில் பரவலாகியது. நம் வீட்டு டிகாக்‌ஷனில் கலக்கும் சிக்கரியும் இதே வேர்தான். அதில் காஃபின் இல்லை. நிறத்தையும் கனத்தையும் ஒரு கருப்பட்டிக் கசப்பையும் தரும். பாலோடும் சர்க்கரையோடும் அது அருமையாகச் சேர்கிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஒரு தோட்டத்தின் சுவையைத் தனியே காட்ட விரும்பும் கடையில் அதற்கு இடமில்லை.

இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்துச் சொன்னால்: இனம், உயரம், பதப்படுத்தல் ஆகியவை கொட்டைக்குள் சுவையை வைக்கின்றன; வறுவல் அதை வெளிக்கொணரலாம், மூடியும் விடலாம். அடுத்தது, அந்தச் சுவை தண்ணீருக்குள் இறங்கும் கட்டம்.

முதல் பால், இரண்டாம் பால்

தேங்காய்த் துருவலில் முதலில் பிழிந்தால் கெட்டியான முதல் பால் வரும். மறுபடி தண்ணீர் ஊற்றிப் பிழிந்தால் இரண்டாம் பால். அதற்கும் மேல் பிழிந்தால் சக்கையின் சாறுதான். காபியும் தண்ணீரிடம் தன்னை இப்படித்தான் படிப்படியாக ஒப்படைக்கிறது. முதலில் கரைவன புளிப்புப் பொருள்கள். அடுத்து இனிப்பும் நறுமணமும். கடைசியில் கசப்பும் துவர்ப்பும். இவ்வாறு தூளிலிருந்து சுவைப் பொருள்கள் தண்ணீரில் கரைந்து வெளியேறுவதற்குப் ‘பிரிப்பு’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

வறுத்த கொட்டையின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு தண்ணீரில் கரையக்கூடியது. அத்தனையையும் எடுத்தால் குடிக்க முடியாத கசப்பாகிவிடும். 18 முதல் 22 விழுக்காடு வரை எடுத்தால் நன்றாக இருக்கும் என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் அளவு. அதற்குக் குறைந்தால் புளிப்பு மட்டும் தூக்கலாக நிற்கும், கூடினால் கசக்கும். ஸ்பெஷாலிட்டி கடையில் பாரிஸ்டா, அதாவது காபி தயாரிப்பவர், மின்தராசையும் நிறுத்தக் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பது இந்த இடைவெளிக்குள் நிற்பதற்காகத்தான். எஸ்பிரெஸ்ஸோ என்பது 9 பார் அளவுக்கு, அதாவது காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு, அழுத்தம் கொடுத்த வெந்நீரை நன்கு அரைத்த தூளின் வழியே செலுத்தி எடுக்கும் காபி. வழக்கமாக 18 கிராம் தூளுக்கு 36 கிராம் அளவு காபி, 25 முதல் 30 நொடிகளுக்குள் இறங்க வேண்டும். தூள் கொஞ்சம் பருமனாகிவிட்டால் தண்ணீர் ஓடிவிடும், புளிக்கும். நைசாகிவிட்டால் தேங்கி நிற்கும், கசக்கும். அதனால்தான் காலையில் கடை திறந்ததும் இரண்டு மூன்று கோப்பைகளை எடுத்துச் சுவைத்துக் கொட்டிவிட்டு, அரைவை இயந்திரத்தைச் சரிசெய்கிறார்கள்.

வியன்னாவின் ஒரு சிறிய கடையில் முகப்பு மேசையருகே நின்று வடிகாபி தயாராவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இளைஞர் 15 கிராம் கொட்டையை எடைபோட்டு அரைத்தார். கூம்பு வடிவ வடிகலத்தில் தாள் வடிகட்டியை வைத்து, முதலில் வெறும் வெந்நீரால் அதை நனைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினார். தாளின் வாடை காபியில் இறங்காமல் இருப்பதற்காக. பிறகு தூளைப் போட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் வெந்நீர் ஊற்றி நிறுத்தினார். தூள் தோசை மாவைப் போல மெல்ல உப்பிக் குமிழிட்டது. வறுக்கும்போது கொட்டைக்குள் அடைபட்ட கரியமில வாயு வெளியேறுகிறது என்று விளக்கினார். பழைய கொட்டையாக இருந்தால் இப்படி உப்பாது. அரை நிமிடம் கழித்து, கழுத்து நீண்ட கெண்டியிலிருந்து வட்டம் வட்டமாக ஊற்றி, தராசில் 250 காட்டியதும் நிறுத்தினார். எல்லாம் மூன்று நிமிடம். நம் வீட்டில் பித்தளைப் பில்டரில் வெந்நீர் ஊற்றி மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே என்பதை அங்கேதான் நான் முழுமையாக உணர்ந்தேன். முதல் டிகாக்‌ஷனுக்கும் இரண்டாம் டிகாக்‌ஷனுக்கும் உள்ள வேறுபாட்டை நாக்கால் அறிந்த ஒவ்வொருவருக்கும் ‘பிரிப்பு’ என்பது ஏற்கெனவே தெரிந்த பாடம்.

தண்ணீரும் ஒரு சரக்கு

வடிகாபியில் 98 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது தண்ணீர். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் கொட்டையின் சுவைப் பொருள்களை இழுத்தெடுக்க உதவுகின்றன. பைகார்பனேட் என்ற உப்பு புளிப்பை அடக்குகிறது. உப்புகள் அதிகமான தண்ணீரில் பழச்சுவை மழுங்கிப்போகும். உப்பே இல்லாத தண்ணீரில் சுவை சரியாக இறங்காது. ஊருக்கு ஊர் காபி மாறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். பலரும் கவனிக்காத காரணமும்கூட.

வியன்னாவுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. அந்நகரின் குடிநீர் ஆல்ப்ஸ் மலையின் சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளிலிருந்து குழாய்க்கால்வாய்களின் வழியே வருகிறது. முதல் கால்வாய் 1873-இல் திறக்கப்பட்டது, இரண்டாவது 1910-இல். காபியோடு கேட்காமலேயே ஒரு குவளைத் தண்ணீர் தருவது அந்த ஊரில் பெருமைக்குரிய வழக்கம். பழைய காபி இல்லமும் புதிய கடையும் இந்த ஒன்றில் முழுமையாக ஒத்துப்போகின்றன. தண்ணீரைக் காபிக்கு முன்பே ஒரு மிடறு குடித்து வாயைத் துப்புரவாக்கிக்கொள்வது நல்லது.

புளிப்பு குறையா, குணமா?

குழப்பம் அதிகம் விளையும் இடம் இது. புளிப்பில் இரண்டு உண்டு. நன்றாகப் பழுத்த கமலா ஆரஞ்சிலும் புளிப்பு இருக்கிறது. அதை நாம் குறையாகச் சொல்வதில்லை, ஏனென்றால் இனிப்பு அதைத் தாங்கி நிற்கிறது. பிஞ்சு மாங்காயிலும் புளிப்பு இருக்கிறது. அது பல்லைக் கூசவைக்கும். நல்ல இளவறுவல் காபியின் புளிப்பு முதல் வகையானது. அதைத் தருவன பழத்திலேயே உள்ள சிட்ரிக், மாலிக் போன்ற அமிலங்கள். எலுமிச்சையிலும் ஆப்பிளிலும் இருப்பவை இவையே. பிரிப்புக் குறைந்து தவறாக வடித்த காபியின் புளிப்பு இரண்டாவது வகையானது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு: காபியை ஆறவிடுவது. ஆவி பறக்கும் சூட்டில் நாக்குக்குச் சூடுதான் தெரியும், சுவை தெரியாது. எனக்கு அன்று தந்தது கழுவிய முறையில் பதப்படுத்திய எத்தியோப்பியக் காபி. முதல் மிடற்றில் மெல்லிய தேநீர் என்றுதான் தோன்றியது. ஐந்து நிமிடம் கழித்து ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியபோது வரும் மணம் எழுந்தது. வெதுவெதுப்பாக ஆனபின் புளிப்பு பின்வாங்கி, மல்லிகையை நினைவூட்டும் ஒரு மணமும் தேனின் இனிப்பும் நின்றன. நல்ல காபி ஆற ஆற இனிக்கும். தவறாக வடித்தது ஆற ஆறக் கூசும். சூடாக இருக்கும்போதே ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நமக்கு ஆழமாக ஊறியது; இந்த ஒரு வகைக் காபிக்கு மட்டும் அதைத் தள்ளிவைப்பது நல்லது.

இன்னொன்று, ‘ஸ்ட்ராங் காபி’ என்ற சொல். கசப்பாக இருந்தால் ஸ்ட்ராங் என்றும், காஃபின் அதிகம் என்றும் எண்ணுகிறோம். கசப்பு பெரும்பாலும் வறுவலால் வருவது. காஃபின் வறுவலில் பெரிதாகக் குறைவதுமில்லை, கூடுவதுமில்லை. இனத்தைப் பொறுத்தே மாறுகிறது. ரொபஸ்டா இனத்தில் அராபிகாவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு காஃபின் உண்டு. எனவே லேசாகத் தோன்றும் ஒரு பெரிய குவளை வடிகாபி, கசந்து நிற்கும் ஒரு சிறு எஸ்பிரெஸ்ஸோவைவிட அதிகக் காஃபினை உங்களுக்குத் தரக்கூடும். மாலையில் தூக்கம் கெடும் என்று அஞ்சுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நகரில் எங்கே, எப்படி?

2012-இல் உலக பாரிஸ்டா போட்டி வியன்னாவில் நடந்தது. குவாத்தமாலாவைச் சேர்ந்த ராவுல் ரோடாஸ் வென்றார். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் இத்தகைய கடைகள் நகரில் வெகுவாகப் பெருகின. பல்கலைக்கழகத்தின் அருகே, ஷாட்டன்டோர் பகுதியில் உள்ள ‘யோனாஸ் ரைண்டல்’ தானே வறுத்துத் தரும் கடை. பக்கத்தில் தரைக்குக் கீழே வட்டமாக அமைந்த டிராம் நிலையத்துக்கு, யோனாஸ் என்ற மேயரின் பெயரையும் வாணலி என்று பொருள்படும் ரைண்டல் என்ற சொல்லையும் சேர்த்து மக்கள் வைத்த பட்டப்பெயர்தான் கடைக்கும் அமைந்தது. ஆல்சர் தேவாலயக் கட்டடத்தின் ஒரு பகுதியில் இயங்குகிறது ‘பிஓசி’. 1827-இல் பீத்தோவனின் இறுதிச் சடங்கு நடந்தது அந்தத் தேவாலயத்தில்தான். பழைய நகரத்தின் கிரீக்கன்காஸெ சந்தில் உள்ள ‘ஃபென்ஸ்டர்’, பெயருக்கேற்ப ஒரு சன்னல் மட்டுமே. வாங்கிக்கொண்டு கல் பாவிய தெருவில் நின்று குடிக்க வேண்டியதுதான். பிராட்டர்ஸ்ட்ராசெ சாலையில் ‘பால்தாசர்’ இருக்கிறது.

இவற்றுள் நுழையும்போது கருத்தில் கொள்ள வேண்டியவை சில. இவை பெரும்பாலும் சிறிய கடைகள். நான்கு மணி நேரம் உட்காரும் மரபு இங்கே பொருந்தாது. முகப்பு மேசையில் போய்க் கேட்டு வாங்கும் முறைதான் பல இடங்களில் உண்டு. விலைப்பட்டியல் சிறியதாக இருக்கும். ஐன்ஷ்பென்னர் கிடைப்பது அரிது, ஃப்ளாட் ஒயிட் கட்டாயம் இருக்கும். அது சிறு கோப்பையில் இரட்டை எஸ்பிரெஸ்ஸோவோடு மெல்லிய நுரைப் பால் சேர்த்தது. பால் காபிக்குப் பழகிய நமக்கு நல்ல தொடக்கம். வடிகாபி வாங்குவதானால், ‘இன்று எந்தக் கொட்டை?’ என்று கேட்பதில் தயங்கவே வேண்டாம். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காகவே அவர்கள் கடை வைத்திருக்கிறார்கள். புளிப்பு வேண்டாம் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லலாம். பிரேசில் கொட்டையையோ உலர்முறைக் கொட்டையையோ எடுத்துத் தருவார்கள். சர்க்கரை கேட்பது குற்றமன்று. ஆனால் முதல் மூன்று மிடறுகளைச் சர்க்கரையின்றிக் குடித்துப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். வீட்டுக்குக் கொட்டை வாங்குவதாக இருந்தால், பொட்டலத்தில் வறுத்த தேதியைப் பார்க்க வேண்டும். வடிகாபிக்கு, வறுத்து ஒரு வாரம் முதல் ஒரு மாதத்துக்குள் இருப்பது நல்லது.

ஒரு நாள் மட்டுமே கையில் இருக்கிறது என்றால் நான் இப்படிப் பிரித்துக்கொள்வேன். காலையில், நாக்கு துப்புரவாக இருக்கும் நேரத்தில், யோனாஸ் ரைண்டலில் ஒரு வடிகாபியை வாங்கி, ஆறவிட்டு அரை மணி நேரம் குடிப்பேன். மாலையில், கால் வலிக்க நடந்து முடித்த பிறகு, ஷ்பெர்லுக்குப் போய்ச் சன்னலோர இருக்கையில் ஒரு மெலாஞ்சும் ஒரு நாளிதழும் வாங்கி வைத்துக்கொண்டு, வெளியே தெருவிளக்கு எரியும்வரை உட்கார்ந்திருப்பேன்.